செய்தித்தாளும் நோயுற்ற மனமும்

நமது தமிழ் நாளிதழ்களுக்குள் மனநோய் பெரும்பாலும் இரண்டு வாயில்களால் நுழைகிறது: ஒன்று பொலிஸ் நிலையம், மற்றது மரண விசாரணை. கொலையோ தற்கொலையோ நிகழும்வரை நோயாளி செய்தியாவதில்லை. நிகழ்ந்த பின்னரோ, ‘மனநிலை பாதிக்கப்பட்டவர்’ என்ற தொடருக்குள் மனிதர் மறைந்துவிடுகிறார்.

இலங்கையில் தற்கொலை முயற்சி 1998ஆம் ஆண்டிலேயே குற்றமென்ற நிலையினின்றும் நீக்கப்பட்டது. சட்டம் கைவிட்ட பார்வையைச் செய்தியாளர் கைவிடவில்லை. இறந்தவரின் படம், இறந்த முறை, எழுதிவைத்த கடிதம் யாவும் அச்சேறுகின்றன. ‘காதல் தோல்வி’, ‘பரீட்சைத் தோல்வி’ என ஒற்றைச் சொல்லில் காரணமும் தீர்ப்பாகிறது. எம் மாணவரும் இவற்றையே வாசிக்கின்றனர். இது வெறும் சுவைக்கேடன்று, உயிர்க்கேடு. வியன்னா நகரில் 1987இல் பத்திரிகைகள் செய்தி எழுதும் முறையை மாற்றிக்கொண்டபின் சுரங்க ரயில் தற்கொலைகள் பெருமளவு குறைந்தன.

அப்படியாயின் உண்மையை மறைக்கச் சொல்கிறோமா? இல்லை, முழுமையாகச் சொல்லும்படியே கேட்கிறோம். ஜெயபுரத்திலோ அதையொத்த வேறொரு வன்னிக் கிராமத்திலோ ஒரு பெண் உயிர்நீத்தால், ‘கடன் தொல்லை’ என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. கடன் கொடுத்தவர் யார், வட்டி எவ்வளவு, 2009இல் முடிவுற்ற போர் அக்குடும்பத்திடமிருந்து எதைப் பறித்தது என்ற வினாக்கள் எழுவதில்லை. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களைக் குறித்த எல்லைக்குட்பட்டுத் தள்ளுபடி செய்ய அரசே முன்வந்தது. துயரத்தின் வேர் தனிமனித மூளையில் மட்டும் இல்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களிடையே ஆராய்ந்து, போரின் காயம் தனிமனிதரோடு நில்லாது குடும்பத்தையும் சமூகத்தையும் ஒருங்கே தாக்குவதை விளக்கியுள்ளார்.

எல்லாம் சமூகக் கேடே என்று கூறி மருத்துவத்தை ஒதுக்குவதும் பிழையே. மனநோய்க்குச் சிகிச்சை உண்டு. குணமடைந்து தொழில் செய்வோர் பலர். அவர்கள் செய்தியாவதில்லை. 1995இல் உலகின் மிக உயர்ந்த தற்கொலை விகிதங்களுள் ஒன்று இலங்கையினுடையது. கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின், இருபது ஆண்டுகளுள் அது பாதிக்கும் கீழாக வீழ்ந்தது. கூட்டுச் செயலால் காக்கப்பட்ட இத்தனை உயிர்களைவிடப் பெரிய செய்தி எது?

மரணத்தை எழுதும் பேனா, மருத்துவமனையில் மருந்து இருக்கிறதா, மருத்துவர் வருகிறாரா என்றும் கேட்கட்டும். அதுவரை அது துயரத்தை விற்கும் பேனாவே.