குறுஞ்செய்தியும் செயலியும்: அளவுகோல் பற்றிய ஒரு நோக்கு

குறுஞ்செய்தியை விடுத்து வட்ஸ்அப், வைபர் முதலிய செய்திச் செயலிகளை நம்மவர் நாடியமைக்குக் காரணங் கூறப் புகுவோர், பெரும்பாலும் செலவையும் வசதியையுமே எடுத்துக்காட்டுவர். யாழ்ப்பாணத்துத் தாயொருத்தி ரொறன்ரோவிலுள்ள மகனுக்குக் குறுஞ்செய்தி அனுப்புந்தோறும் வெளிநாட்டுக் கட்டணம் அறவிடப்பட்டது. செயலிக்கோ இணைய இணைப்பு மட்டும் போதுமாயிருந்தது. இக்காரணம் உண்மையே. ஆயினும் தமிழில் எழுதுவோரைப் பொறுத்தவரை இது முழுமையான விளக்கமன்று. குறுஞ்செய்தி என்னும் வடிவத்தின் அளவுகோலே நமது மொழிக்குப் புறம்பானது என்பது போதியளவு கவனிக்கப்படவில்லை.

ஒரு செய்திக்கு 160 எழுத்துப் போதும் என்னும் வரையறை, 1985ஆம் ஆண்டளவில் ஜேர்மன் பொறியியலாளர் பிரீட்ஹெல்ம் ஹில்லபிரான்டின் முயற்சியாற் பெறப்பட்டது. தட்டச்சுப் பொறியில் மனம்போனபடி வாக்கியங்களை அடித்து எழுத்தெண்ணியும், அஞ்சலட்டைகளில் மக்கள் எவ்வளவு எழுதுகின்றனர் எனப் பார்த்தும் அவர் இம்முடிவுக்கு வந்தார். எண்ணப்பட்டவை உரோம எழுத்துக்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1992 டிசெம்பர் 3ஆம் திகதி இங்கிலாந்தில் முதற் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டபோதும் இவ்வளவுகோலே நிலைபெற்றிருந்தது.

செய்தியொன்றுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 1,120 பிட். உரோம எழுத்தொன்றுக்கு 7 பிட் போதுமாதலின் 160 எழுத்து அடங்கும். அடிப்படை அட்டவணையில் இடம்பெறாத தமிழெழுத்துக்கோ 16 பிட் வேண்டும். எனவே செய்தி 70 குறிகளாகச் சுருங்கிவிடுகிறது. ஆங்கிலச் செய்தியொன்றின் நடுவே ஒரேயொரு தமிழெழுத்தைப் புகுத்தினாலும் முழுச் செய்தியும் இக்கணக்குக்கு மாறிவிடும். 70 என்பதும் மயக்கந் தருவதே. பொறி எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தையன்று. புள்ளியும், கொம்பும், காலும் அதற்குத் தனித்தனிக் குறிகள். ‘பேராதனைப் பல்கலைக்கழகம்’ என்பதில் நாம் காண்பன 14 எழுத்துக்கள். பொறியின் கணக்கில் இடைவெளியுஞ் சேர 23 குறிகள். இருசொல் எழுதுமுன்னர் செய்தியின் மூன்றிலொரு பங்கு தீர்ந்துவிடுகிறது.

இதன் விளைவை நாம் அறிவோம். தமிழ் எழுத்துருவற்ற கருவிகளும் ஒருபுறம் நெருக்க, பலர் தமிழை உரோம எழுத்தில் எழுதப் பழகினர். பலம், பழம், பாலம் ஆகிய மூன்றும் அங்கு ஒரே வடிவம் பெற்றன. இந்நெருக்கடியைச் சொற்சுருக்கத்துக்கான பயிற்சி எனப் போற்றுவோரும், குறள் வெண்பாவுடன் ஒப்பிடுவோரும் உளர். திருக்குறளின் முதற்குறள் 45 குறிகளில் அடங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் மகளுக்குப் பணம் அனுப்பிய விபரம் எழுதும் தகப்பனார் வள்ளுவராயிருத்தல் வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமாகாது. மேலும், எழுசீர் என்பது தமிழ் யாப்புக்குள் முகிழ்த்த அளவு. மற்றையது அயல்மொழி அஞ்சலட்டையின் அளவு.

செயலியில் இந்நெருக்கடி இல்லை. நீண்ட கடிதத்தையும் தமிழிலேயே எழுதலாம். எனினும் செயலி தமிழை மீட்டுத்தந்தது என முழங்குவோருடன் எம்மால் உடன்பட முடியவில்லை. தடை நீங்கிய பின்னரும் உரோம எழுத்துத் தமிழ் நீங்கவில்லை. எழுதுவதற்குச் சோம்பியோர் குரற்பதிவுக்கு மாறினர். அதுமட்டுமன்று. குறுஞ்செய்தி எந்த வலையமைப்பிலிருந்தும் எந்தக் கைத்தொலைபேசிக்குஞ் செல்லும். செயலிச் செய்தி அச்செயலியை வைத்திருப்போருக்கே செல்லும். வட்ஸ்அப்பை 2014இல் பேஸ்புக் நிறுவனம் வாங்கியது. அறிவிக்கப்பட்ட விலை ஏறத்தாழ 1,900 கோடி டொலர். 2016 முதல் அதன் செய்திகள் அனுப்புநரும் பெறுநருமன்றிப் பிறர் வாசிக்கவியலாதவாறு பூட்டப்பட்டுள்ளன. குறுஞ்செய்திக்கு இப்பாதுகாப்பு இல்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் யார் யாருடன் எப்பொழுது தொடர்புகொள்கின்றனர் என்பதை அறியும் வாய்ப்பு உரிமையாளரிடமே உண்டு. 2021இல் நிபந்தனைகள் மாற்றப்பட்டபோது உலகெங்கும் பலர் சிக்னல் செயலிக்குப் பெயர்ந்தனர். பெயர்ந்தோர் தம் உறவினரையும் உடன் பெயர்க்கவேண்டியிருந்தது!

செயலிகளை ஓர் ஆணையால் நிறுத்திவிடலாம் என்பதை இலங்கையர் பட்டறிந்துள்ளனர். 2019 ஏப்ரலில் குண்டுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அவை முடக்கப்பட்டன. உறவினரின் நலமறிய மிகவும் விழைந்த வேளையில், பலர் கைவிட்ட குறுஞ்செய்தியே கைகொடுத்தது.

இவற்றை நோக்குமிடத்து, உரையாடலுக்குச் செயலியைத் தேர்ந்தமை தவறன்று எனலாம். பொது அறிவித்தலையும் அதற்குள் மட்டும் அடைத்துவிடுவதே எமது ஆட்சேபம். மாணவர் சங்கங்களின் கூட்ட அறிவித்தல்கள் இன்று செயலிக் குழுக்களிலேயே இடப்படுகின்றன. தரவுப் பொதி தீர்ந்த மாணவருக்கு அவை கிட்டுவதில்லை. கூட்டத்தின் நாளும் நேரமும் இடமும் தமிழிலேயே 70 குறிகளுள் அடங்கும்.