கேட்கப்படாத ஒரு கேள்வி

கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடைபெறும் பரீட்சை மிக எளியது: நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் தோய்த்த பஞ்சை வைத்து ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால், கோளாறுற்ற இடம் வெளுத்துத் தெரியும். சோதனைச்சாலையும் வேண்டாம், விலையுயர்ந்த கருவியும் வேண்டாம். பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் போதும். இதன் பிரயோஜனம் திண்டுக்கல் ஜில்லாவில் நடந்த பெரிய ஆய்வில் நிரூபணமாகி, 2007ஆம் ஆண்டு லான்செட் சஞ்சிகையில் வெளிவந்தது. ஒரே முறை பார்த்ததனாலேயே அந்நோயால் நேரும் மரணம் 35 சதவிகிதம் குறைந்தது.

ஆயினும், செங்கற்பட்டுக் கடலோரத்தில் கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவக் குப்பங்களில், விடியுமுன் ஏலத்துக்குப் போய், கூடை மீனை விற்று முடித்து உச்சி வெயிலில் வீடு திரும்பும் பெண், நோவு ஏதுமில்லாத உடம்பைக் காட்டக் காலை வேளையில் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பாள் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் உள்ள பெண்களில் கருப்பைவாய்ப் புற்றுக்கான பரீட்சைக்கு உட்பட்டவர்கள் 9.8 சதவிகிதமே. வீடு தேடிச் செல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ போன்ற திட்டங்களை இதனாலேயே நான் மனமார வரவேற்கிறேன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கருப்பைவாய்ப் புற்று வைரஸ் தொற்றால் வருவது. அதில் குலவழி பெரிதல்ல. மார்பகப் புற்றும் சினைப்பைப் புற்றும் அப்படியல்ல. தாய் வழியாகவோ, பலர் நினைக்கத் தவறும் தந்தை வழியாகவோ, பழுதுபட்ட பிஆர்சிஏ-1 மரபணுவைப் பெற்ற பெண்ணுக்கு எண்பது வயதுக்குள் மார்பகப் புற்று வரும் அபாயம் சுமார் 70 சதவிகிதம். அதுவும் இளவயதிலேயே வரக்கூடியது. மார்பைக் கையால் தடவிப் பார்க்கும் சோதனையோ, மும்பையில் டாடா நினைவு மருத்துவமனையினர் இருபதாண்டுகள் நடத்திய ஆய்வின்படி, ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரிடையே மரணத்தைக் குறைத்ததேயன்றி இளையோரிடம் குறைக்கவில்லை. தொற்றா நோய்களுக்கென நாடெங்கும் வழங்கும் மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்துப் பாருங்கள்: மார்பில் கட்டி உண்டா, வாயில் ஆறாத புண் உண்டா, புகையிலைப் பழக்கம் உண்டா என்றெல்லாம் கேட்கிறது, பெற்றோர் உடன்பிறந்தோருக்கு ரத்த அழுத்தமும் நீரிழிவும் இருதய நோயும் உண்டா என்றும் கேட்கிறது, புற்றுநோய் உண்டா என்று மட்டும் கேட்பதில்லை!

மரபணுச் சோதனையை எல்லோருக்கும் செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. மேனாட்டார் தகவல்களையே பெரிதும் சார்ந்த ஒப்பீட்டால் நம்மவர் மரபணுவில் பொருள் விளங்காத மாறுதல்கள் பல தென்படும். பெண்ணின் விவாகப் பேச்சு தடைப்படுமோ என்ற அச்சமும் அற்பமானதன்று. ஆதலால் இரகசியம் காத்து, விளக்கிச் சொல்லி, சம்மதம் பெற்றே செய்ய வேண்டும். அதற்குரிய இடம் தொலைவிலுமில்லை: தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் எழுந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மாமல்லபுரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்.

குடும்பத்தில் எவருக்கேனும் ஐம்பது வயதுக்கு முன் மார்பகப் புற்றோ, எந்த வயதிலேனும் சினைப்பைப் புற்றோ வந்ததுண்டா என்ற ஒரு வரியைப் படிவத்தில் சேர்த்து, உண்டு என்பவர்களை மட்டும் செங்கற்பட்டு அரசு மருத்துவமனை வழியாக அடையாற்றுக்கு அனுப்பலாம். அனுப்பும் நாளில் கூடை வியாபாரம் கெடுமாகையால், வழிச்செலவோடு அன்றைய வருமானத்தையும் சர்க்காரே ஈடுசெய்ய வேண்டும்.