மற்றும் பலரின் கையெழுத்து

ஒரு நடிகரின் பெயரைச் சொல்லாமல் அவர் யார் என்று அடுத்தவருக்கு விளக்கிப் பாருங்கள். "அதாம்பா, ஹீரோயினுக்கு அப்பாவா வருவாரு. கண்ணாடி போட்டிருப்பாரு, தோள்ல துண்டு, கடைசி ரீல்ல மனசு மாறிடுவாரு." எதிரில் இருப்பவர் பாதியிலேயே "ஆமா ஆமா, அவருதான்" என்பார். இரண்டு பேருக்கும் முகம் தெரியும், குரல் தெரியும், அவர் இருமினால்கூடத் தெரியும். பெயர் மட்டும் இருவருக்குமே தெரியாது. டைட்டிலில் 'மற்றும் பலர்' என்பதற்குக் கொஞ்சம் மேலே அந்தப் பெயர் ஓடிப் போயிருக்கும். அப்போது நாம் முறுக்கு வாங்கப் போயிருப்போம்.

இப்படிப்பட்டவர்களின் கையெழுத்துப் போட்ட போட்டோக்களைச் சேர்ப்பது அமெரிக்காவில் பெரிய பொழுதுபோக்கு. பழைய படங்களிலும் டிவி தொடர்களிலும் ஷெரீஃபாகவும் பக்கத்து வீட்டுக்காரராகவும் வந்து போன நடிகர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்கள், தபால்தலை ஒட்டிய கவரை உள்ளே வைத்து அனுப்புகிறார்கள், கையெழுத்தோடு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் திரும்பி வரக் காத்திருக்கிறார்கள். போட்டது நடிகரா, அவருடைய செயலாளரா, ரப்பர் ஸ்டாம்பா, மெஷினா என்று கண்டுபிடிப்பதற்கென்றே நிபுணர்கள் உண்டு. எனக்கு அந்த ஆராய்ச்சியில் ஆர்வம் இல்லை. ஒரு குணச்சித்திர நடிகரின் போட்டோவில் அவருடைய நடிப்பு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வி எனக்கு உத்திரமேரூரில் கிடைத்தது. (ஊர் பெயரைச் சொன்னதும் குடவோலை என்பீர்கள். ஆமாம், அதே ஊர்தான். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்ன விதிகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. பெயரைச் சரியாக எழுதி வைப்பதில் எங்களுக்குப் பழைய பழக்கம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.) என் பெரியப்பா அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார். கடை மேஜை டிராயரில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் 63 போட்டோக்கள். எல்லாம் கடிதம் எழுதி வாங்கியவை. எம்ஜிஆர் இல்லை, சிவாஜி இல்லை, ஜெமினி இல்லை. ஏன் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "அவங்களுக்கு எழுத ஊரே இருக்குடா. இவங்களுக்கு யாரு எழுதுவா?" என்றார்.

அவர் இறந்த பிறகு டின் என்னிடம் வந்தது. படங்களை வரிசையாகப் பரப்பிப் பார்த்தபோது ஒரு ஏமாற்றம். டி.எஸ். பாலையா படம் இருந்தது. நன்றாக உடுத்தி, லேசாகப் பக்கவாட்டில் திரும்பி, கன்னத்தில் ஸ்டுடியோ வெளிச்சம் விழ உட்கார்ந்திருக்கிறார். யாரோ ஒரு பெரிய மனிதர். அவ்வளவுதான். அந்தப் படத்தில் பாலையா இல்லை.

பாலையா எங்கே இருக்கிறார் என்றால் 'காதலிக்க நேரமில்லை'யில், நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியில் இருக்கிறார். 1964-ல் வந்த படம். யூடியூபில் உங்கள் அம்மா அப்பா இன்னும் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி. அதை நாகேஷின் காட்சி என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஒரு தடவை நாகேஷைப் பார்க்காமல் பாருங்கள். கதை சொல்பவர் அவர், ஆனால் சிரிப்பு வெடிக்கும் இடம் கேட்பவரின் முகம். பாலையா அதில் பணக்கார எஸ்டேட்காரர். மகன் முன்னால் பயப்படக் கூடாது. அந்தக் கெத்தை விடவும் மனசில்லை, பயத்தை அடக்கவும் முடியவில்லை. முதலில் கண், அப்புறம் உதடு, அப்புறம் உடம்பு என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகிறது. கேட்பது என்கிற ஒரே வேலையை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் படிப்படியாகக் குழந்தையாகிறார். 1936-ல் 'சதிலீலாவதி'யில் வில்லனாக ஆரம்பித்தவர், ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து வந்து நிற்கும் இடம் இது. இதை எந்த ஸ்டில் பிடிக்கும்? எந்த நொடியில் நிறுத்தினாலும் அதற்கு முந்தின நொடி இல்லாமல் அது வெறும் கோணல் முகம்.

நட்சத்திரம் விஷயம் வேறு. எம்ஜிஆரை எந்த ஃபிரேமில் நிறுத்தினாலும் அவர் எம்ஜிஆர்தான், போட்டோவுக்காகவே செய்த உருவம். குணச்சித்திர நடிப்பு அப்படி நிற்காது. அது இன்னொருவருக்குப் பதில் சொல்லும் நடிப்பு. எதிரில் இருப்பவரை வெட்டி எடுத்துவிட்டால் பதில் மட்டும் அந்தரத்தில் தொங்கும். '16 வயதினிலே'யில் காந்திமதியின் வாய் அப்படி. அந்த வேகத்துக்கு அடியில், வயசுப் பெண்ணை வைத்திருக்கும் ஒண்டிக்காரியின் பயம் ஓடிக்கொண்டிருக்கும். எதிரே ஸ்ரீதேவி நிற்கும்போதுதான் அந்தப் பயம் நமக்குக் கேட்கும்.

பெரியப்பாவுக்கு இது தெரிந்திருந்தது. போட்டோக்களைத் திருப்பிப் பார்க்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் எழுதியிருந்தார். முதலில் பெயர், ஏனென்றால் முன்பக்கக் கையெழுத்தில் பாதியைப் படிக்கவே முடியாது. கீழே ஒரே ஒரு காட்சி. கதைச் சுருக்கமெல்லாம் கிடையாது. பாலையா படத்தின் பின்னால் "தில்லானா. தவிலை விட்டுட்டு முகத்தாலேயே வாசிப்பார்" என்றிருந்தது. வி.எஸ். ராகவனுக்கு "குரல் வரும், அப்புறம் ஆள் வருவார்". இன்னொருவருக்கு "டிவி, செவ்வாய்க்கிழமை நாடகம். காபி டம்ளரைக் கீழே வைக்காமலே சண்டை போட்டார்". எட்டாவது வரை படித்தவர். சினிமா விமர்சனம் எழுதுகிறோம் என்று சொல்லிக்கொண்டு நாங்கள் தட்டும் ஆயிரம் வார்த்தையில் இந்த டம்ளர் ஏன் வருவதில்லை என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

அதற்காக முன்பக்கம் வீண் என்று சொல்லிவிட முடியாது. பண்டரிபாய் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இது புரியும். 1952-ல் 'பராசக்தி'யில் அவர் சிவாஜிக்கு ஜோடி. 1969-ல் 'தெய்வமக'னில் சிவாஜிக்கு மனைவி, கூடவே இன்னும் இரண்டு சிவாஜிகளுக்கு அம்மா. 1992-ல் 'மன்ன'னில் ரஜினிக்கு அம்மா. கதாநாயகன் அதே வயதில் நிற்க, கதாநாயகியை மட்டும் சினிமா வேகமாக நரைக்க வைத்தது. பெரியப்பாவுக்கு வந்த படத்தில் நரை இல்லை, கண்ணீர் இல்லை. தலையில் பூ வைத்து, கொஞ்சம் சிரித்தபடி இருக்கிறார். இயக்குநர் சொன்ன முகம் எதுவும் இல்லாமல், நான் இப்படித்தான் தெரிய வேண்டும் என்று அவர்களே தேர்ந்தெடுத்த ஒரே ஃபிரேம் அநேகமாக இதுதான். டின்னில் இருக்கும் அப்பாக்களும் அம்மாக்களும் எல்லோருமே இப்படித்தான். வில்லனுக்கு அடியாளாகவே வந்தவர் கோட்டு சூட்டில் ஹீரோ மாதிரி நிற்கிறார். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

பெயர் விஷயத்துக்குத் திரும்பி வருகிறேன். தமிழ் ரசிகர்கள் இவர்களை மறக்காமல் இருக்க ஒரு உபாயம் வைத்திருந்தார்கள். வெண்ணிற ஆடை மூர்த்தி, பசி சத்யா, நிழல்கள் ரவி, தலைவாசல் விஜய். நடித்த படமே இனிஷியல் ஆகிவிடும். டெல்லியில் நாடகம் போட்டதால் டெல்லி கணேஷ், மேடையில் செய்த பாத்திரத்தால் காத்தாடி ராமமூர்த்தி. அடைமொழி இல்லாவிட்டால் எந்த மூர்த்தி, எந்த ரவி என்று நமக்குத் தெரிந்திருக்காது. இதில் ஒரு சிறை இருப்பதும் உண்மை. எத்தனை படம் நடித்தாலும் முதலில் ஒட்டிய ஒன்று போகாது. ஆனாலும் 'மற்றும் பலர்' என்ற குழியிலிருந்து அவர்களை ஜனங்கள் இப்படித்தான் கை கொடுத்துத் தூக்கினார்கள்.

நம் தலைமுறை தூக்கும் விதம் மீம். என்னத்தே கண்ணையாவை நம்மில் பலருக்கு 2007-ல் வந்த 'தொட்டால் பூ மலரும்' காமெடியில்தான் தெரியும். 'வருமா வராதா' என்று யாராவது கேட்டாலே அவர் முகம் போனில் ஸ்டிக்கராக வந்து விழும். டெல்லி கணேஷ் 2024 நவம்பரில் இறந்தபோது என் டைம்லைன் முழுக்க 'மைக்கேல் மதன காம ராஜன்' மணி ஐயர்தான். சாம்பாரில் மீன் விழுந்த கல்யாணச் சமையலில், சத்தம் போடாமலே ஒரு மனிதர் எப்படி அலற முடியும் என்று அவர் காட்டிய அந்த முகம். நேர்மையாகச் சொன்னால் நடிப்பைக் காப்பாற்றுவதில் ஸ்டுடியோ போட்டோவைவிட மீம் கெட்டிக்காரத்தனமானது. சரியான நொடியை அது பிடித்துவிடுகிறது. ஆனால் அதில் கையெழுத்து கிடையாது. ஃபார்வர்டு ஆக ஆக முகம் மட்டும் பயணம் போகிறது, பெயர் முதல் ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுகிறது. போட்டோவில் இதற்கு நேர் எதிர்.

பெயரையும் முகத்தையும் சேர்த்துக் கட்டிவைத்தவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். ஸ்டில் சேர்ப்பவர்கள் பலர் இருந்தார்கள். அவர் ஸ்டில்லோடு சேர்த்து எந்தப் படம், எந்த வருஷம், யார் யார் நடித்தது என்றும் குறித்துக்கொண்டே போனார். அதனால்தான் அந்தச் சேகரிப்பைத் தமிழக அரசே வாங்கிக்கொண்டது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா சேர்த்தவை இன்று சென்னையில் ஒரு ஆய்வு நூலகம். இருவரும் பெரிய ஆட்கள். பிஸ்கட் டின்காரர்களின் கதை அப்படி முடிவதில்லை. பழைய பொருள் வாங்கும் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். 63 படத்தையும் சீட்டுக்கட்டு மாதிரி புரட்டிவிட்டு, "எம்ஜிஆர் இருந்தா சொல்லுங்க தம்பி. இவங்கள்லாம் போகாது" என்றார். ஒன்றைக்கூட அவர் திருப்பிப் பார்க்கவில்லை.

நான் இப்போது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வருகிறேன், பின்பக்கத்தோடு. சில இடங்களில் பென்சில் மங்கிவிட்டது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து எழும். உங்கள் வீட்டு அலமாரியில் இப்படி ஏதாவது இருந்தால் பிளாஸ்டிக் உறையில் போடுவதற்கு முன் தயவுசெய்து திருப்பிப் பாருங்கள்.

மூன்று பேரை இன்னும் அடையாளம் தெரியவில்லை. அதில் ஒரு அம்மாவின் கையெழுத்து 'எஸ்' என்று ஆரம்பித்துக் கோடாகப் போய்விடுகிறது. முப்பத்தைந்து வயது இருக்கலாம், கல் மூக்குத்தி, நெற்றியில் பெரிய பொட்டு. பின்னால் பெரியப்பா பெயர் எழுதாமல் விட்ட ஒரே படம் அது: "கல்யாணப் பந்தி. இலை எடுக்கும்போது ஒரு தரம் திரும்பிப் பார்ப்பாள். படம் பேர் மறந்துபோச்சு." கறுப்பு வெள்ளைப் படங்களாக இதுவரை 11 கல்யாணப் பந்திகள் பார்த்தாயிற்று. இலை எடுப்பவர்களைக் கேமரா பெரும்பாலும் காட்டுவதே இல்லை. யாருக்காவது அந்தப் பார்வை ஞாபகம் இருந்தால் எழுதுங்கள்.