அஸ்வினை எந்த வரிசையில் வைப்பது?

106 டெஸ்ட், 537 விக்கெட், சராசரி 24. 2024 டிசம்பரில் பிரிஸ்பேனில், தொடரின் நடுவிலேயே இந்தியச் சுழற்பந்து வீச்சாளர் ரவிச்சந்திரன் அஸ்வின் ஓய்வை அறிவித்தபோது அவர் கணக்கு இதுதான். ஆனாலும் அவர் பேச்சை எடுத்தாலே, உள்ளூர் ஆடுகளங்கள் போட்ட பிச்சை என்று சொல்ல ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தக் குற்றச்சாட்டில் பாதி அநியாயம்.

2012இல் இங்கிலாந்து இங்கே வந்து தொடரை வென்றது. அதே ஆடுகளங்களில் அவர்களின் சுழற்பந்து வீச்சாளர்கள் ஸ்வான் 20 விக்கெட், பனேசர் மூன்றே டெஸ்ட்டில் 17. அஸ்வின் நான்கு டெஸ்ட்டில் 14, சராசரி 50க்கு மேல். மண் மட்டுமே விக்கெட் கொடுக்கும் என்றால் அவருக்கும் கொடுத்திருக்க வேண்டும். சில மாதங்களில் ஆஸ்திரேலியா வந்தது. நான்கு டெஸ்ட்டில் 29 விக்கெட் எடுத்தார். இடையில் மாறியது மண் இல்லை, பந்துவீச்சு.

அவர் வித்தை எங்கே இருக்கிறது என்று கேட்டால், 2018இல் எட்ஜ்பாஸ்டனில் குக்குக்கு வீசிய பந்துகளைப் பார்க்கச் சொல்வேன். காற்றிலேயே இடதுகை ஆட்டக்காரரின் காலை நோக்கி உள்ளே மிதந்து வந்து, தரையில் பட்டதும் மட்டையின் வெளி விளிம்பைத் தாண்டி ஆஃப் ஸ்டம்பைத் தட்டின. இரண்டு இன்னிங்ஸிலும் குக் போல்டு. 2020இல் அடிலெய்டில் ஸ்மித்துக்கு நேர்மாறான தந்திரம். திரும்பும் என்று அவர் ஆட, பந்து திரும்பாமல் நேரே போய் விளிம்பில் பட, ஸ்லிப்பில் ரஹானே பிடித்தார். அடுத்த டெஸ்ட்டில் அதே ஸ்மித் லெக் ஸ்லிப்பில் புஜாராவிடம் பிடிகொடுத்து பூஜ்யத்தில் வெளியேறினார். இரண்டுமே புழுதி பறக்கும் ஆடுகளங்கள் இல்லை.

குற்றச்சாட்டின் மறுபாதி உண்மை. வெளிநாட்டில் அவர் எடுத்ததில் 70 விக்கெட்டுகள் இலங்கையிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் வந்தவை. தென்னாப்பிரிக்காவில் 7 டெஸ்ட்டில் வெறும் 11. ஜோகன்னஸ்பர்க்கில் 2013இல், கடைசி நாளில் தென்னாப்பிரிக்கா 458ஐ விரட்டியபோது அணி அவரைத்தான் நம்பியிருந்தது. அவருக்கு ஒரு விக்கெட்கூடக் கிடைக்கவில்லை. ஐந்து விக்கெட்டை 37 முறை எடுத்தவர், ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து எதிலும் ஒருமுறைகூட அதைச் செய்யவில்லை. 2021இல் இங்கிலாந்து மண்ணில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்த நான்கு டெஸ்ட்டிலும், தரவரிசையில் முதலிடத்தில் இருந்தபோதே 2023 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியிலும் அவரை உட்கார வைத்தது அணி நிர்வாகத்தின் பெரும் பிழை. அதை எத்தனை முறை நினைத்தாலும் ஆத்திரம்தான் வருகிறது. ஆனால் ஆடிய டெஸ்ட்டுகளுக்கு அது பதிலாகாது.

முரளிதரன் ஆஸ்திரேலியாவில் 5 டெஸ்ட்டில் 12 விக்கெட்தான் எடுத்தார். வார்னுக்கு இந்தியாவில் சராசரி 43. பெரியவர்களுக்கும் ஒவ்வாத மண் உண்டு. ஆனால் முரளி 1998இல் ஓவலில் ஒரே டெஸ்ட்டில் 16 விக்கெட் எடுத்து இங்கிலாந்தைச் சாய்த்தார். அப்படி ஓர் ஆட்டம் ஆசியாவுக்கும் கரீபியனுக்கும் வெளியே அஸ்வினிடம் இல்லை.

ஆகவே முரளி, வார்ன் வரிசைக்கு ஒரு படி கீழேதான் அவரை வைக்கிறேன். இந்தியாவில் பிரசன்னா, ஹர்பஜனுக்கு மேலே, தயக்கமே இல்லாமல். கும்ப்ளேவுக்கும் மேலே: வெளிநாட்டில் கும்ப்ளேவின் சராசரி 35க்கு மேல், அஸ்வினுடையது 30ஐ ஒட்டியது, உள்நாட்டிலும் அஸ்வினே முந்துகிறார்.