மேற்கோள் தராசில் ஈபிடபிள்யூ

கல்லூரி ஆசிரியர் ஒருவர் கட்டுரை வெளியிட்டால், அதில் என்ன சொல்லியிருக்கிறார் என்று கேட்பவர்கள் இன்று குறைவு. எந்த இதழில் வந்தது, ஸ்கோப்பஸ் பட்டியலில் இருக்கிறதா, ‘இம்பேக்ட் ஃபேக்டர்’ எவ்வளவு என்பவைதான் முதலில் வரும் கேள்விகள். பணி நியமனம், பதவி உயர்வு, நிறுவனங்களின் தரவரிசை எல்லாவற்றிலும் இந்த எண்களுக்கு இடம் உண்டு. அந்த எண் நியாயமானதா என்று பொதுவாக விவாதிப்பதால் பெரிய பயன் இல்லை. ஒரு குறிப்பிட்ட இதழை எடுத்து, அதன் ஆய்வுகளையும் அவை பெற்ற மேற்கோள்களையும் ஒருசேர வைத்துப் பார்த்தால்தான் எண் எதைப் பிடிக்கிறது, எதைத் தவறவிடுகிறது என்பது தெரியும். தென்னாசியச் சமூக அறிவியலில் அதற்கு மிகப் பொருத்தமானது ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ (ஈபிடபிள்யூ).

சச்சின் சவுத்ரி 1949இல் மும்பையில் தொடங்கிய ‘எகனாமிக் வீக்லி’தான் 1966 ஆகஸ்டில் இந்தப் பெயரில் மறுபிறப்பு எடுத்தது. 1969இல் பொறுப்பேற்ற கிருஷ்ண ராஜ் 2004 ஜனவரியில் இறக்கும்வரை ஆசிரியராக இருந்தார். தலையங்கம், நடப்பு பற்றிய சிறு கட்டுரைகள், நூல் மதிப்புரை, வாசகர் கடிதம், புள்ளிவிவரம், நீண்ட ஆய்வுக் கட்டுரை எல்லாம் ஒரே அட்டைக்குள் வாராவாரம் வருகின்றன. செய்தி இதழின் வேகமும் ஆய்விதழின் கனமும் சேர்ந்த இந்த அமைப்பே அதன் பலம். மேற்கோள் கணக்கு தடுமாறுவதும் இங்கேதான்.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது?

தாக்கக் காரணி என்கிற இம்பேக்ட் ஃபேக்டரை உருவாக்கியவர் அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்டு. எந்த இதழ்களைத் தன் மேற்கோள் குறியீட்டில் சேர்ப்பது, நூலகங்கள் எவற்றை வாங்குவது போன்ற முடிவுகளுக்கு உதவவே அது பிறந்தது. சூத்திரம் எளிது. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்டவற்றுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளில் அது வெளியிட்ட ‘ஆய்வுக் கட்டுரை’களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பின்னத்தின் மேலே எல்லா வகை எழுத்துக்கும் வந்த மேற்கோள்கள் சேரும். கீழே ஆய்வுக் கட்டுரைகள், மீளாய்வுகள் மட்டும் சேரும்.

ஈபிடபிள்யூ போன்ற ஓர் இதழுக்கு இது என்ன செய்யும் என்பதைக் கற்பனை எண்களை வைத்துப் பார்ப்போம். இரண்டு ஆண்டுகளில் 300 நீண்ட கட்டுரைகளும் 900 சிறு கட்டுரைகளும் வந்தன. முதல் வகைக்கு 450 மேற்கோள்கள், இரண்டாம் வகைக்கு 150 மேற்கோள்கள் என்று கொள்வோம். சிறு கட்டுரைகளையும் ஆய்வாகக் கணக்கில் எடுத்தால் 600ஐ 1,200ஆல் வகுக்க வேண்டும், விடை 0.5. அவற்றை ஆய்வல்ல என்று ஒதுக்கினால் 600ஐ 300ஆல் வகுப்போம், விடை 2. அதே இதழ், அதே கட்டுரைகள், அதே வாசகர்கள். வகைப்படுத்தும் குமாஸ்தா வேலை ஒன்றினால் மதிப்பு நான்கு மடங்கு மாறிவிடுகிறது. உள்ளடக்கம் எதுவுமே மாறாமல் இப்படி மாறும் ஓர் எண்ணை இதழின் தரம் என்று ஏற்க முடியாது.

அடுத்தது காலம். உமா சக்கரவர்த்தியின் பிராமணிய ஆணாதிக்கம் குறித்த கட்டுரை ஈபிடபிள்யூவில் வந்தது 1993 ஏப்ரலில். சாதியும் பெண் மீதான கட்டுப்பாடும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்பதைப் பண்டைய இந்தியச் சான்றுகளோடு விளக்கிய அந்தக் கட்டுரை, முப்பது ஆண்டுகளாகப் பெண்ணிய ஆய்வில் அடிப்படை வாசிப்பாக இருக்கிறது. இரண்டு ஆண்டுச் சூத்திரத்தின்படி 1994, 1995 ஆகிய ஆண்டுகளின் கணக்கில் மட்டுமே அதற்கு இடம் உண்டு. அதற்குப் பிறகு அதைப் படித்து, விவாதித்து, மறுத்து எழுதிய அத்தனை பேரும் இதழின் தாக்கக் காரணிக்கு வெளியே நிற்பவர்கள். சமூக அறிவியலில் ஒரு கட்டுரையைப் படித்து, களத்துக்குப் போய், எழுதி, அச்சேற்றுவதற்கே மூன்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சில மாதங்களில் புதிய முடிவுகள் பழையவற்றைத் தள்ளிவிடும் மூலக்கூறு உயிரியலுக்குப் பொருந்தும் காலக்கெடுவை இங்கே கொண்டுவந்து வைப்பது அளவுகோலின் பிழை. அளக்கப்படுவதன் பிழை அல்ல.

மூன்றாவதாக, மேற்கோள் வேறு முகவரிக்குப் போய்விடுகிறது. மானுடவியலாளர் கேத்லீன் கஃப் தஞ்சை மாவட்டத்தில் கும்பாப்பேட்டை என்ற புனைபெயரிட்ட கிராமத்தில் களப்பணி செய்து, அதன் சமூக அமைப்பைப் பற்றி 1952இல் ‘எகனாமிக் வீக்லி’யில் எழுதினார். பிராமண நிலவுடைமையாளர், பிராமணரல்லாத குத்தகையாளர், சேரியின் உழைப்பாளர் ஆகியோருக்கு இடையிலான உறவை நிலத்தை வைத்து விளக்கிய எழுத்து அது. இதுபோன்ற கிராம ஆய்வுகளை இதழ் தொடர்ந்து வெளியிட்டது. அவற்றைத் திரட்டி 1955இல் ‘இந்தியாஸ் வில்லேஜஸ்’ என்ற நூல் வந்தது, எம்.என். சீனிவாஸின் மைசூர் கிராமக் கட்டுரையும் அதில் உண்டு. பின்னால் வந்தவர்கள் நூலை மேற்கோள் காட்டினார்கள். கஃப் 1976இல் மீண்டும் அங்கே வந்து ஆய்வு செய்து, 1981இலும் 1989இலும் விரிவான நூல்களை எழுதியதும் மேற்கோள்கள் அந்த நூல்களுக்குப் போயின. அந்த எழுத்துக்கு முதலில் இடம் கொடுத்த வார இதழின் பெயர் கணக்கில் மங்கிவிட்டது.

பொருளியலாளர்கள் தாண்டேகரும் ரத்தும் எழுதிய ‘இந்தியாவில் வறுமை’க்கும் இதே கதிதான். நாளொன்றுக்கு 2,250 கலோரி உணவைப் பெறுவதற்குத் தேவையான செலவைக் கணக்கிட்டு, 1960-61 விலையில் ஒருவருக்கு ஆண்டுக்குக் கிராமத்தில் 180 ரூபாய், நகரத்தில் 270 ரூபாய் என்று வறுமைக்கோட்டை அவர்கள் வகுத்தார்கள். கிராம மக்களில் சுமார் 40 விழுக்காட்டினர், நகர மக்களில் சுமார் 50 விழுக்காட்டினர் அதற்குக் கீழே என்ற முடிவு நாட்டை உலுக்கியது. 1971 ஜனவரியில் ஈபிடபிள்யூ அதை இரண்டு வாரங்களில் இரண்டு பகுதிகளாக வெளியிட்டது. அதே ஆண்டு நூலாகவும் வந்தது. ஒரே ஆய்வுக்கு மூன்று முகவரிகள். வறுமைக்கோடு பற்றி அதற்குப் பிறகு இந்த நாட்டில் நடந்த வாதங்கள் பெரும்பாலும் அவர்கள் போட்ட கணக்கை ஏற்றோ எதிர்த்தோதான் நடந்தன. அந்த எடையை இதழின் சராசரி எண்ணில் தேடினால் கிடைக்காது.

ஆய்வுகள் எந்தத் திசையில் நகர்ந்தன?

இதழ்களின் மேற்கோள் விவரங்களை மென்பொருளில் போட்டு வண்ண வரைபடம் எடுக்கும் மேற்கோளியல் கட்டுரைகள் இன்று ஏராளம். அதிகம் எழுதியவர் யார், எந்த நாட்டிலிருந்து எத்தனை கட்டுரை, எந்தச் சொல் எதோடு சேர்ந்து வருகிறது என்ற அட்டவணைகளோடு அவை முடிந்துவிடும். எதைப் பற்றி எழுதினார்கள் என்பதை அவை காட்டும். எதற்காகச் சண்டையிட்டார்கள் என்பதைக் காட்டா. ஈபிடபிள்யூவின் வரலாறு சண்டைகளின் வரலாறு.

ஐம்பதுகளில் கேள்வி, கிராமம் என்பது என்ன என்பதாக இருந்தது. பசுமைப் புரட்சிக்குப் பிறகு, இந்திய வேளாண்மை முதலாளித்துவமாகிவிட்டதா என்ற கேள்வி எழுந்தது. பஞ்சாபின் பெரிய விவசாயிகளைப் பற்றி 1969இல் அசோக் ருத்ராவும் உடன் ஆய்வாளர்களும் எழுதியதற்கு உத்சா பட்நாயக் எதிர்வினை எழுத, அது பத்தாண்டுக்கு மேல் நீண்ட உற்பத்திமுறை விவாதமாயிற்று. 1982இல் அதைத் தொகுத்து மதிப்பிட அலிஸ் தார்னருக்கு மூன்று பகுதிகள் தேவைப்பட்டன. 1985இல் பெண்ணிய ஆய்வுகளுக்கென்று தனிச் சிறப்புப் பகுதி தொடங்கியது. மண்டல் குழுவின் இடஒதுக்கீட்டு விவாதத்துக்குப் பின்வந்த தொண்ணூறுகளில் சாதி மையத்துக்கு வந்தது. வ. கீதாவும் எஸ்.வி. ராஜதுரையும், எம்.எஸ்.எஸ். பாண்டியனும் 1993இல் ஒரு மாதத்துக்குள் தமிழ்நாட்டின் பார்ப்பனரல்லாதார் அரசியலையும் பெரியாரின் தேசம் பற்றிய சிந்தனையையும் அகில இந்திய வாசகர் முன் வைத்தது இதே பக்கங்களில்தான்.

2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் வேறொரு வழியில் போனார்கள். செய்தித்தாள்களில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு, பெரும்பாலும் தகுதி ஒன்றாகவும் பெயர் மட்டும் வேறாகவும் உள்ள 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். மேல்சாதி இந்துப் பெயர்களோடு ஒப்பிட்டால் தலித் பெயர்களுக்குக் குறைவாகவும், முஸ்லிம் பெயர்களுக்கு அதைவிடக் குறைவாகவும் அழைப்பு வந்தது. சாதியின் பிடியைக் கஃப் கிராமத்தில் தங்கிக் கண்டார்; இவர்கள் வேலைச் சந்தையில் பரிசோதனையால் அளந்தார்கள். அரை நூற்றாண்டில் முறை மாறியிருக்கிறது. சாதிக்கும் வாழ்வாதாரத்துக்கும் உள்ள உறவு என்ற கேள்வி தொடர்ந்திருக்கிறது. ஓர் இதழின் ஆய்வுப் போக்கு என்று நான் மதிப்பது இந்தத் தொடர்ச்சியைத்தான்.

எண்ணின் பக்கத்து நியாயம்

மேற்கோள் கணக்கை அடியோடு தள்ளிவிடலாமா? கூடாது. அதைத் தள்ளினால் அந்த இடத்துக்கு வருவது நடுநிலையான வாசிப்பு அல்ல; பெரும்பாலும் தெரிந்தவர் சிபாரிசு. யார் எதைப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு மேற்கோள் எல்லோரும் சரிபார்க்கக்கூடிய சான்று. கோபால் குரு 1995இல் எழுதிய, தலித் பெண்களின் தனிக்குரலைப் பற்றிய கட்டுரை வெறும் மூன்று பக்கம். அது எவ்வளவு தூரம் போயிற்று என்பதை இதழின் சராசரி சொல்லாது; அந்தக் கட்டுரைக்கு வந்த மேற்கோள்களைத் தொடர்ந்து போனால் தெரியும். 1998இல் சர்மிளா ரெகே அதை விமர்சித்து, தலித் பெண்ணிய நோக்குநிலை என்ற வாதத்தை எழுப்பினார். இன்று இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கிறார்கள். மறுப்பவரும் மேற்கோள்தான் காட்டுகிறார். எண்ணுக்கு ஏற்பும் மறுப்பும் ஒன்று. ஆகவே எண்ணிக்கை நம்மைக் கட்டுரையின் வாசல்வரை கொண்டுபோகும். உள்ளே போய்ப் படிப்பது நம் வேலை.

படிக்காமல் எண்ணை மட்டும் கேட்டதன் விளைவையும் பார்த்துவிட்டோம். 2010 விதிமுறைகளில் கட்டுரைக்கு இத்தனை புள்ளி என்று பல்கலைக்கழக மானியக் குழு நிர்ணயித்த பிறகு, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகின. 2018இல் தன் பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களை மானியக் குழு நீக்க நேர்ந்தது. அடுத்து வந்த, குழுவின் ‘கேர்’ இதழ்ப் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. பட்டியலும் எண்ணும் வாசிப்பின் இடத்தைப் பிடிக்கும்போது இதுதான் நடக்கும்.

இதழின் மீதான குற்றச்சாட்டு

அளவுகோலின் குறைகளைக் காட்டி இதழைத் தப்பவிடுவதும் நேர்மையாகாது. இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு படைப்போர் ஒரு மேல்தட்டாகவும் தரவு திரட்டுவோர் கீழ்த்தட்டாகவும் பிரிந்து கிடக்கிறார்கள் என்று கோபால் குரு 2002இல் இதே இதழில் எழுதினார். அவரே 2018இல் ஆசிரியராகப் பொறுப்பேற்றார். விமர்சித்தவருக்கு ஆசிரியர் நாற்காலி கிடைத்தது இதழின் பெருமை. அவர் சொன்ன பிளவு அதனால் தீர்ந்துவிடவில்லை. டெல்லி, மும்பை, கொல்கத்தா நிறுவனங்களில் உள்ளவருக்கு வரும் வழி, மாவட்டத் தலைநகரில் உள்ள கல்லூரி ஆசிரியருக்கு எளிதாக இல்லை.

மொழிப் பிளவு இன்னும் ஆழமானது. நா. வானமாமலை 1969இல் பாளையங்கோட்டையிலிருந்து தொடங்கிய ‘ஆராய்ச்சி’ காலாண்டிதழ், நாட்டார் வழக்காறு, சாதி, சமூக வரலாறு ஆகியவற்றில் ஒரு தலைமுறை ஆய்வாளர்களை வளர்த்தது. கீதாவும் ராஜதுரையும் ஆங்கிலத்தில் எழுதிய அதே ஆண்டுகளில் தமிழிலும் பெரியாரைப் பற்றி விரிவாக எழுதினார்கள். ஈபிடபிள்யூவைப் படித்துத் தமிழில் எழுதியவர்கள் பலர். தமிழ் ஆய்வைப் படித்து ஈபிடபிள்யூவில் எழுதியவர்களோ பெரும்பாலும் தமிழ் அறிந்த சிலர்தான். தமிழ் மேற்கோள்கள் உலகக் குறியீடுகளில் பெரும்பாலும் பதிவாவதில்லை என்பது குறியீடுகளின் குறை. தமிழ் ஆய்வு இதழின் அடிக்குறிப்புகளில் அரிதாகவே இடம்பெறுவது இதழின் குறை; அதன் வழியாக நம் சமூக அறிவியலின் குறை.

தீர்ப்பு

தாக்கக் காரணி ஈபிடபிள்யூவை மதிப்பிடத் தகுதியற்றது. அதன் காலக்கெடு, வகுக்கும் முறை, சேகரிக்கும் பரப்பு மூன்றும் இந்த இதழின் இயல்புக்கு எதிரானவை. தனிக் கட்டுரைகளின் நீண்டகால மேற்கோள்களை, உள்ளே படித்துப் பார்க்கும் நிபந்தனையோடு, சான்றாக ஏற்கலாம். அந்தச் சான்றின்படி நிலம், வறுமை, பெண், சாதி ஆகிய நான்கிலும் இந்தியச் சமூக அறிவியல் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதைத் தீர்மானித்ததில் இதற்கு நிகரான இந்திய இதழ் இல்லை.

இந்தியச் சமூகத்தின் குரல் என்ற பெயரை முழுதாகச் சூட்டிக்கொள்ளும் உரிமை மட்டும் அதற்கு இன்னும் வரவில்லை. அதற்கு, தமிழிலும் மராத்தியிலும் வங்கத்திலும் நடக்கும் ஆய்வை அது தன் விவாதங்களுக்குள் அழைக்க வேண்டும். நம் பக்கத்துக் கடனும் உண்டு. ‘ஆராய்ச்சி’ தொடங்கி இன்றுவரையான தமிழ் ஆய்விதழ்களின் கட்டுரைகளுக்கு, யார் எங்கிருந்தும் தேடி எடுத்து மேற்கோள் காட்டக்கூடிய முழுமையான அடைவைத் தமிழ்ப் பல்கலைக்கழகங்கள் உருவாக்க வேண்டும். தேர்வுக் குழுக்கள் இதழின் எண்ணைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, விண்ணப்பித்தவரின் மூன்று கட்டுரைகளையாவது படித்துவிட்டு நேர்காணலுக்கு உட்கார வேண்டும். இவை செய்யப்படாதவரை, எந்தப் பட்டியல் வந்தாலும் நல்ல ஆய்வுக்கு நியாயம் கிடைக்காது.