டயகமவில் தேய்ந்த தட்டு

சென்னையில் பழைய இசைத்தட்டுச் சேர்ப்பவர் கையில் ஒரு தட்டைக் கொடுத்தால், முதல் வேலையாக அதை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்ப்பார். கீறல் உண்டா, விளிம்பு உடைந்திருக்கிறதா, நடுவில் ஒட்டிய தாளின் நிறம் என்ன, தாளைச் சுற்றிய வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண் எது என்று கவனிப்பார். பிறகுதான் விலை பேச்சு. அதே தட்டு இலங்கையின் டயகமவில், அக்கரப்பத்தனைக்கு மேலே ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்துத் தோட்டமொன்றில், பெட்டியின் அடியிலிருந்து வெளியே வந்தால் இந்தக் கணக்கில் தோற்றுவிடும். பூஞ்சணம் பிடித்திருக்கும், பள்ளம் சாம்பல் நிறமாகியிருக்கும், உறை கிழிந்திருக்கும். ஆகவே அது மதிப்பற்றது என்று முடிவுகட்டுகிறார்கள். அந்த முடிவு தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தியாவில் தட்டுச் சேர்க்கும் பழக்கம் உற்பத்தியோடு சேர்ந்தே வளர்ந்தது. கல்கத்தாவுக்கு வந்த ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பர்க் 1902 நவம்பரில் பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிந்தார். 1908இல் அதே நகரின் சியால்தாவில் தட்டு அச்சடிக்கும் ஆலை வந்தது. பின்னாளில் டம்டம் ஆலை நாடு முழுவதற்கும் அச்சடித்தது. தட்டின் உயிரான அரக்கே இந்தியக் காடுகளில் எடுப்பதுதான். சென்னையில் ஓடியன் தட்டுகளை விற்ற சரஸ்வதி ஸ்டோர்ஸின் பங்காளிகளில் ஒருவர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். தட்டு வியாபாரத்தில் இருந்துதான் அவர் படத்தயாரிப்புக்குப் போனார். ஆலை இருந்தால் பட்டியல் இருக்கும், பட்டியல் இருந்தால் எது அரிது என்று சொல்ல முடியும். மும்பையில் 1990இல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தொடங்கியது. மைக்கேல் கின்னியர் என்ற ஆஸ்திரேலியர் தொடக்ககாலப் பதிவுகளை எண் வாரியாகப் புத்தகமாக்கினார். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரம் தட்டுகளைத் தேடிச் சேர்த்தார். கோட்டயம் மாவட்டம் பிளாசனாலில் கிராமபோனுக்கென்றே தனியார் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. சு. தியடோர் பாஸ்கரன் போன்ற ஆய்வாளர்கள் விடுதலைப் போராட்டக் காலத்துப் பாட்டுத் தட்டுகளை அரசியல் வரலாற்றின் சான்றாகவே வாசித்துக் காட்டினார்கள்.

தமிழ்ச் சேகரிப்பாளரின் ஆசைகளில் உச்சமானது எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல். 1933 டிசம்பரில், முப்பது வயதாகும் முன்பே அவர் இறந்துபோனார். பேசும் படம் தமிழில் காலூன்றிக்கொண்டிருந்த நேரம் அது. மேடை நாடகத்தில் அவர் பாடியதைக் கேட்டவர்கள் யாரும் இப்போது இல்லை. மூன்று நிமிடத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக விரைந்து பாடப்பட்ட தட்டுகளில்தான் அந்த உச்சஸ்தாயி மிஞ்சியிருக்கிறது. பாடகி கே.பி. சுந்தராம்பாளும் அவரும் 1926இல் ஜோடி சேர்ந்தது கொழும்பு மேடையில். மறுவருடம் திருமணம். இதைத் தமிழ்நாட்டுக் கட்டுரைகள் ஒரு வரியில் கடந்துவிடும். இலங்கைக்காரருக்கு அந்த ஒரு வரி பெரிது. அந்தக் குரல்கள் தட்டாகிக் கப்பலேறி மட்டும் இங்கே வரவில்லை, அவர்கள் ஆட்களாகவும் வந்து பாடியிருக்கிறார்கள்.

இலங்கையின் கதை வேறு. நாங்கள் வாங்கிய பக்கத்தில் நின்றவர்கள். எச்.எம்.வி.யின் சிங்களத் தட்டுகளே இந்தியாவில் அச்சாகித்தான் வந்தன. ஆனால் சேர்த்து வைப்பதில் இலங்கை வானொலி யாருக்கும் சளைத்ததல்ல. 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைக் கட்டுப்படுத்தினார். கேட்பவர்கள் கூட்டமாகக் கொழும்பின் பக்கம் திரும்பினார்கள். பாட்டு ஒலித்தால் படம் ஓடும் என்று தெரிந்த பம்பாய், சென்னைக்காரர்கள் தட்டுகளைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். எஸ்.பி. மயில்வாகனம் தொடங்கி கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் வரை அறிவிப்பாளர்கள் சுழலவிட்டவை எல்லாம் அந்த வானொலியின் நூலகத்துத் தட்டுகள்தான். இந்தியாவில் தனி ஆட்கள் வீட்டுக்குள் செய்ததை இங்கே ஓர் அரசு நிறுவனம் செய்தது. வசதிதான், ஆனால் ஒரு குறையும் உண்டு. பெரிய நூலகம் கொழும்பில் இருக்கிறது என்ற நிம்மதியில் மற்ற இடங்களில் கிடந்ததை யாரும் கணக்கெடுக்கவில்லை. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடு புதுத் தட்டு வரவை ஒடுக்கியது. 1983 ஜூலை இனவன்முறையில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது எரிந்தவற்றில் தட்டுகளும் உண்டு. அவற்றுக்கு இடாப்பு எதுவும் இல்லை.

மலைநாட்டில் தட்டு பெரும்பாலும் தனி மனிதரின் சொத்தாக இருக்கவில்லை. தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்கு மின்சாரம் வருமுன், சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் கங்காணி வீட்டிலோ கணக்கப்பிள்ளை வீட்டிலோ இருக்கும். பிறகு கூம்பு ஸ்பீக்கரும் பற்றரியும் வைத்து வாடகைக்கு விடுகிறவர்கள் வந்தார்கள். மாரியம்மன் திருவிழா, கலியாணம், சடங்கு என்றால் ஸ்பீக்கர் மரத்தில் ஏறும். அதிகாலைப் பனியில் அடுத்த டிவிஷன் வரை பாட்டுப் போகும். ஒரு தட்டு ஒரு தோட்டத்துக்கே பாடியது.

அப்படிப்பட்ட ஒன்றை டயகமவில் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பத்து அங்குல அரக்குத் தட்டு. ஓரிடத்தில் மயிரிழை விரிசல். அது மேலும் ஓடாதிருக்க விளிம்பில் யாரோ மெழுகு இட்டிருந்தார்கள். குரல் உச்சத்துக்குப் போகும் இடங்களில் மட்டும் பள்ளம் வெளுத்திருந்தது. இரும்பு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும். ஊசிக்குத் தட்டுப்பாடு என்றால் தேய்ந்ததையே திரும்பப் போடுவார்கள். அது சத்தமான இடத்தைத்தான் முதலில் அரிக்கும். அதனால் எந்த அடியைக் கூட்டம் திரும்பத் திரும்பக் கேட்டது என்பதைத் தட்டின் முகமே ஓரளவுக்குச் சொல்லிவிடும். சென்னைக் கணக்கில் இது கழிவு. எனக்கு இது கேட்டவர்களின் பதிவு. ஆலை பொறித்த எண்ணுக்குப் பக்கத்தில் இதையும் எழுதி வைக்க வேண்டும்.

மலைநாட்டு ஈரத்தில் இவற்றைக் காப்பது தனிப் பாடு. ஒட்டுத்தாள் உப்பும், உறை தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அவசரத்தில் சிலர் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறார்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், பாட்டும் அதோடு போய்விடும். ஒட்டுத்தாள் நனையாமல், வடித்த நீரில் ஒரு துளி சவர்க்காரம் கலந்து, மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, நிழலில் நிமிர்த்தி உலர்த்த வேண்டும். படுக்கையாக அடுக்கினால் அடித்தட்டு வளையும், இல்லாவிட்டால் உடையும்.

இலங்கைத் தட்டுகளின் பாடகர்களை வரிசைப்படுத்தினால் இந்த மலைகளும் தமிழ்நாடும் அடிக்கடி எட்டிப்பார்க்கின்றன. சிங்கள இசையின் குயில் என்று கொண்டாடப்பட்ட ருக்மணி தேவி 1923இல் இறம்பொடையில், டெய்சி டேனியல்ஸ் என்ற பெயரில், கொழும்புச் செட்டிக் குடும்பத்தில் பிறந்தவர். ‘அசோகமாலா’ படத்தில் பாடிய முகைதீன் பேக் பிறந்தது சேலத்தில். வெசாக் நாட்களில் சிங்களவர் உருகிக் கேட்கும் பக்திப் பாட்டுகள் அவருடையவை. இசையமைப்பாளர் ஆர். முத்துசாமி நாகர்கோவிலில் இருந்து வந்தவர். சிங்களப் பொப்பிசையைப் புரட்டிப்போட்ட கிளாரன்ஸ் விஜேவர்தன ஹப்புத்தளையில் பிறந்தவர். ஜெரால்ட் விக்ரமசூரியவின் ‘சூரிய’ நிறுவனத் தட்டுகளில் வந்த அவருடைய பாட்டுகளை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் இன்று தேடுகிறார்கள். தமிழ்ப் பொப்பிசைக்கு நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் வந்தார்கள். மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் தாண்டித் தமிழ்நாட்டையும் ஆடவைத்தது.

இத்தனைக்கும் நடுவில் கொழுந்து பறித்த பெண்ணின் குரல் எங்கே? நான் புரட்டிய தட்டுகளில் அது இல்லை. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சி அம்மாள் 1930களில் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். அந்தப் பாட்டு சிறு புத்தகமாக அச்சேறியது. எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை நாட்டார் பாடல்களைக் கேட்டு எழுதி வைத்தார். இரண்டும் தாளில் நின்றன, மெட்டு வாய்களோடு போயிற்று. ஆலையும் முதலாளியும் அருகே இருந்த சென்னையில் நாடக மேடைப் பெண்ணும் தேவதாசி மரபின் பாடகியும் தட்டில் இடம் பிடித்தார்கள். கோயம்புத்தூர் தாயியும் வீணை தனம்மாளும் அப்படித்தான் இன்றும் நம் காதுக்கு எட்டுகிறார்கள். லயத்துப் பாட்டை வாங்க ஆள் இருக்கும் என்று ஒரு கம்பனியும் நினைக்கவில்லை. அந்த வெறுமையையும் சேகரிப்பின் பகுதியாகவே பார்க்கிறேன். டயகமவில் ஸ்பீக்கரில் ஒலித்த சென்னைப் பாட்டின் மெட்டைத் தூக்கித் தம் சொல்லைப் போட்டுப் பாடியவர்கள் உண்டு. அவர்களில் உயிரோடிருப்பவர்களை இப்போதே பதிந்துகொண்டால், தேய்ந்த தட்டின் மறுபாதி கையில் கிடைக்கும்.

தேட வேண்டிய இன்னோர் இடம் பாக்கு நீரிணைக்கு அப்பால் இருக்கிறது. 1964 அக்டோபர் இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி, இங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் பலரை நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்தில் சேகரிப்பவர்கள் அந்தக் குடும்பங்களிடம் பழைய தட்டு இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். இருந்தால் உறையைத் தூக்கி எறியாமல் அதன் பின்பக்கத்தையும் படமெடுங்கள். தலவாக்கலை, ஹட்டன் கடை முத்திரையோ ஒரு தோட்டத்தின் பெயரோ அதில் இருந்தால், எந்த டிவிஷனில் யார் வீட்டில் ஒலித்தது என்று அந்த வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, தட்டின் எண்ணோடு சேர்த்து எழுதிவிடுங்கள்.