வீரியம் மட்டும்தானா அளவுகோல்?

பொருட்படுத்தத் தேவையில்லாத ஒன்றை ஆங்கிலேயர்கள் 'ஸ்மால் பீர்' என்று ஒதுக்குவார்கள். அரசியல் செய்தியில் இது வரும்போது எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு துறையின் வீண்செலவு நாட்டின் கடனுக்கு முன்னால் எவ்வளவு சிறியது என்று இரண்டே சொல்லில் காட்டிவிடுகிறது. அங்கே ஒப்பிடுவதற்கு இரண்டு தொகைகள் இருக்கின்றன. இந்தத் தொடர் புத்தக விமர்சனத்துக்குள் வந்து தீர்ப்பாக உட்காரும்போதுதான் கெடுதல் தொடங்குகிறது.

அந்தப் பெயருக்குரிய பானத்தின் கதை இதை விளக்கும். முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து முதலில் வடிக்கும் சாற்றில் வீரியமான பீர் செய்வார்கள். அதே பார்லியில் மறுபடி வெந்நீர் ஊற்றி வடிப்பதில் கிடைப்பது ஸ்மால் பீர். போதை மிகக் குறைவு. வேலையாட்களும் பிள்ளைகளும்கூட அன்றாடம் அதைக் குடித்தார்கள். வேலைக்கு நடுவே குடிக்கத்தக்கதாக இருந்ததே அதன் பயன். வீரியத்தை மட்டும் அளந்தால் அந்தப் பயன் கண்ணில் படாது.

ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'வில் இந்த இகழ்ச்சி இயாகோவின் வாயில் வருகிறது. குறையே இல்லாத ஒரு பெண்ணை அவன் அடுக்கடுக்காக வருணிக்கிறான். கடைசியில், பிள்ளைக்குப் பாலூட்டவும் வீட்டு ஸ்மால் பீருக்குக் கணக்கெழுதவும்தான் அவள் லாயக்கு என்று முடிக்கிறான். நாடகத்தின் நாயகி டெஸ்டிமோனா உடனே மறுக்கிறாள். குடும்பத்தைத் தாங்கும் உழைப்பு முழுவதும் அற்பம் என்றாகிவிடுகிறது அந்த வாக்கில். பேசுபவன் வில்லன் என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை.

ஆனால் இது மேலிருந்தவர்களின் இளக்காரம் மட்டும்தான் என்றும் சொல்லிவிட முடியாது. ஷேக்ஸ்பியரின் 'ஆறாம் ஹென்றி' இரண்டாம் பாகத்தில் கலகத் தலைவன் ஜாக் கேட், தன் ஆட்சியில் ஸ்மால் பீர் குடிப்பதையே பெருங்குற்றமாக்குவேன் என்று வாக்குறுதி தருகிறான். ஏழைக்கும் நல்ல பீர் வேண்டும் என்ற ஆசை அது. அதைக் குடித்தவர்களுக்கே அது சலித்திருந்தது. மரபுத்தொடர் இத்தனை காலம் நிலைத்ததற்கு அந்த உண்மையான சலிப்பும் காரணம். நாக்கு அறிந்த அனுபவம் அதில் இருக்கிறது.

ஆனால் விமர்சகர் ஒருவர் ஒரு நாவலை 'ஸ்மால் பீர்' என்று ஒதுக்கும்போது அவருடைய சலிப்பு நமக்குத் தெரிகிறது. நாவலில் குறைவது எது? கதைமாந்தரா, மொழியா, கதையோட்டமா? ஒன்றும் தெரிவதில்லை. அடங்கிய குரலில் எழுதியவரும் எழுதவே தெரியாதவரும் ஒரே தட்டில் விழுகிறார்கள்.

நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினைப் பற்றி இன்னொரு நாவலாசிரியை சார்லட் பிராண்டி 1848-இல் விமர்சகர் ஜார்ஜ் ஹென்றி லூயிஸுக்கு எழுதிய கடிதம் இதற்கு நேர் எதிரானது. ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவல் பிராண்டிக்கு நன்றாகப் பராமரித்து வேலியடைத்த தோட்டமாகத் தெரிந்தது. திறந்தவெளி இல்லை, புதுக்காற்று இல்லை என்று குறைப்பட்டார். கடுமையான தீர்ப்பு, நான் அதை ஏற்கவில்லை. என்றாலும் எதைக் காணவில்லை என்று அவர் சொல்லிவிட்டதால், நாவலைத் திறந்து பதில் தேட முடிகிறது. நோயுற்ற அக்காவைப் பார்க்க நாயகி எலிசபெத் சேற்று வயல்களின் வழியே மூன்று மைல் தனியாக நடந்துபோகும் அத்தியாயத்தை நான் அவருக்கு எதிராக முன்வைப்பேன். 'ஸ்மால் பீர்' என்று மட்டும் அவர் எழுதியிருந்தால் எந்த அத்தியாயத்தைக் காட்டி மறுப்பது?